குழுவைப் பழக்க எந்த வழி? பாயான் லெப்பாஸ் லைன் லீடருக்கு நான்கு தேர்வுகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஓர் உற்பத்தி லைனுக்குப் புதிதாக லீடரானவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். பன்னிரண்டு பேரிடம் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது பன்னிரண்டு விதமாகப் போய்ச் சேர்கிறது. ஒருவர் சொன்ன கையோடு வேலையைத் தொடங்குகிறார். ஒருவர் "ஏன் அப்படி?" என்று நின்று கேட்கிறார். ஒருவர் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே செய்கிறார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்களே என்று ஓர் அக்கா முகம் சுண்டிப்போய் இரண்டு நாள் பேசுவதில்லை. ஆளுக்கு ஏற்றபடி பேசிப் பழக்கு என்று மேலே இருப்பவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். அதை எந்த வழியில் செய்வது என்று சொல்வதில்லை.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. எல்லாருக்கும் ஒரே முறையில் பேசுவது ஒன்று. குணவகைத் தேர்வு வைத்து ஆளை வகைப்படுத்துவது இரண்டு. ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டுக் குறித்துக்கொள்வது மூன்று. ஆளைப் பார்க்காமல், அந்த ஆள் அந்த வேலையில் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்துப் பேச்சை மாற்றுவது நான்கு. நான்கிலும் பயன் உண்டு. ஆனால் நான்கும் சமமல்ல. எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நான்காவதை அடித்தளமாக வையுங்கள், அதன்மேல் மூன்றாவதைக் கட்டுங்கள், முதலாவதைக் குறிப்பிட்ட சில விஷயங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டாவது இல்லாவிட்டாலும் குறை ஒன்றும் வராது.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

ஒப்பிடும் முன்பு ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். கிழிக்காமல் தொடங்கிய லீடர்தான் "ஆளுக்கொரு நியாயம்" என்ற பேரை வாங்குவார்.

மாற்றக் கூடாதவை: வேலையின் தரம், செய்யும் வரிசை, பாதுகாப்பு விதி, விடுப்பு விதி, தவறுக்கான நடவடிக்கை. ஷிப்ட் தொடக்கத்தில், நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் காக்கும் மணிக்கட்டு ஈஎஸ்டி பட்டையைச் சோதித்துப் பதிய வேண்டும் என்றால் அது இருபது வருடம் வேலை பார்த்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒன்றுதான். "அவங்க கோவக்காரங்க, விட்டுடுங்க" என்று ஒருமுறை விட்டால் அடுத்த வாரம் மூன்று பேர் பட்டையைச் சோதிக்காமல் உட்காருவார்கள்.

மாற்றலாம் என்பவை: எந்த மொழியில் சொல்வது, பேச்சா எழுத்தா, தனியாகவா குழுவிலா, உடனேயா ஷிப்ட் முடிந்தா, காரணத்தை முதலில் சொல்வதா செய்யவேண்டியதை முதலில் சொல்வதா, எவ்வளவு நேராகச் சொல்வது, சொன்னபின் எத்தனை நேரம் பக்கத்தில் நிற்பது. இந்த ஏழு விஷயங்களையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

முதல் வழி: எல்லாருக்கும் ஒரே பேச்சு

ஷிப்ட் தொடங்கும் முன் லைன் ஓரத்தில் பத்து நிமிடம் நிற்க வைத்துப் பேசுவது பல கம்பெனிகளில் இருக்கிறது. நேற்று எத்தனை ரிஜெக்ட், இன்று எந்த மாடல், யார் எந்த ஸ்டேஷன். இதன் பலம் நியாயம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கேட்கிறார்கள். "எனக்கு யாரும் சொல்லல" என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாது. தர எச்சரிக்கை, விதி மாற்றம், விபத்துத் தகவல் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் ஆளைப் பழக்க இது போதாது. பத்து நிமிடத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐம்பது விநாடி வருகிறது. அந்த ஐம்பது விநாடியிலும் பேசுவது லீடர்தான்.

இன்னொரு கேடு ஆழமானது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முந்தைய வரிசையில், நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, நேற்றைய குறையை எல்லார் காதிலும் விழச் சொல்வது பழைய வழக்கம். நம் குடும்பங்களில் பலரின் தாத்தா பாட்டி அப்படிப் பேச்சு வாங்கி வளர்ந்தவர்கள். தோட்டம் போய்விட்டாலும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. பெயரைச் சொல்லி, எண்ணிக்கையைச் சொல்லி, பத்துப் பேர் முன்னால் ஒருவரைத் திருத்தினால் அவருக்கு ரிஜெக்ட் எண்ணிக்கை நினைவில் நிற்காது. யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் நிற்கும். காலைப் பேச்சில் ஸ்டேஷன் எண்ணைச் சொல்லலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்டேஷன் 4-இல் யார் உட்காருகிறார் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரைப் பற்றியதானால் அது காலைப் பேச்சுக்கு உரியது அல்ல.

இரண்டாவது வழி: குணவகைத் தேர்வு

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆட்களைப் பிரிக்கும் பயிலரங்குகள் பினாங்கில் அடிக்கடி நடக்கின்றன. பெரும்பாலானவை டிஸ்க் எனப்படும் முறையின் வகைகள். இதன் வேர், வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதிய கோட்பாட்டில் இருக்கிறது. அவர் மனிதர்களின் நடத்தையை நான்காகப் பிரித்துக் காட்டினார். வினாத்தாள் எதையும் அவர் தயாரிக்கவில்லை. அதைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள், பல நிறுவனங்கள் தனித்தனியாக விற்கின்றன. அதனால் ஓரிடத்தில் வாங்கிய அட்டையும் இன்னோரிடத்தில் வாங்கிய அட்டையும் ஒரே ஆளைப் பற்றி ஒன்றையே சொல்லும் என்று நம்ப முடியாது. நான்கெழுத்து வகை சொல்லும் மையர்ஸ் பிரிக்ஸ் தேர்விலும் ஒரு சிக்கல் உண்டு. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அதை ஆளெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தேர்வை நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

செலவைப் பார்ப்போம். பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் உள்ள நிறுவனங்கள், சட்டம் சொல்லும் துறைகளில் இருந்தால், தொழிலாளர் பயிற்சி நிதியைக் கவனிக்கும் எச்ஆர்டி கார்ப்புக்கு மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன. அந்தப் பணத்திலிருந்து பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம் என்பதால் பயிலரங்கு இலவசம் மாதிரித் தெரியும். உண்மைச் செலவு மணிக்கணக்கில் இருக்கிறது. பன்னிரண்டு பேர் எட்டு மணி நேரம் என்றால் 96 மணி நேரம் லைனில் கை குறைகிறது. அதை ஈடுகட்ட ஓவர்டைம் போட்டால் சாதாரண வேலைநாளில் மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும்.

பயன் இல்லாமல் இல்லை. நான் பேசுகிறபடிதான் உலகமே பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அப்படி இல்லை என்று தெரிவது பெரிய விஷயம். ஒரு குழு முதல் தடவையாகத் தங்களுக்குள் "நீ இப்படி, நான் அப்படி" என்று வெளிப்படையாகப் பேசுவதற்கு அது ஒரு சாக்கு. அந்த ஒரு நாளின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

கெடுவது அட்டையை மாட்டிய பிறகு. "அவரு நீலம், விவரம் எல்லாம் எழுதிக் குடுத்தாத்தான் செய்வாரு" என்று முடிவு கட்டிவிட்டால் அவர் மாறியதை யாரும் பார்ப்பதில்லை. அவரும் "நான் சிவப்பு, நேராத்தான் பேசுவேன்" என்று மற்றவரை நோகடிப்பதற்கு அட்டையைக் காட்டுகிறார். மொழிச் சிக்கல் வேறு. வினாத்தாள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். நேப்பாளத்திலிருந்து வந்து இரண்டு வருடமான ஒருவர் அதில் எதற்குக் கோடு போட்டார் என்பது அவருடைய குணத்தைக் காட்டாது. அவருக்கு எந்தச் சொல் புரிந்தது என்பதைத்தான் காட்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் ஒதுக்கிவிடுங்கள். இவர் கண்ணால் கற்பவர், அவர் காதால் கற்பவர் என்று பிரித்துக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் இன்னும் பல பயிலரங்குகளில் இருக்கிறது. ஹரால்ட் பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் 2008-இல் இருந்த சான்றுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் பயன் கூடுகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். கைவேலையை எல்லாரும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் செய்துதான் கற்க வேண்டும்.

நான்காவது வழி: வேலையில் நிற்கும் படி

மூன்றாவதை விட்டு இதற்கு முதலில் வருகிறோம், ஏனென்றால் அடித்தளம் இதுதான்.

பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சார்டும் 1969-இல் முன்வைத்த கருத்து இது. ஒரே ஆளிடம் ஒரே மாதிரிப் பேச முடியாது. ஒரு வேலையில் அவர் புதியவர் என்றால் சொல்லிக் கொடு. கொஞ்சம் பழகியவர் என்றால் காரணத்தோடு சொல். தானே செய்யத் தெரிந்தும் தயங்குபவர் என்றால் கேட்டுக் கேட்டுப் பேசு. கைதேர்ந்தவர் என்றால் விட்டுவிடு. இதன் எல்லாப் பகுதிக்கும் ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. ராபர்ட் வெக்கியோ 1987-இல் பள்ளி ஆசிரியர்களிடம் சோதித்தபோது, புதியவருக்கு நெருங்கி நின்று வழிகாட்ட வேண்டும் என்ற பகுதிதான் தெளிவாகத் தேறியது. லைனில் வேலை செய்பவர்களுக்கு அதிகம் வேண்டியதும் அந்தப் பகுதிதான்.

இதற்கான கருவி ஏற்கெனவே உங்கள் சுவரில் தொங்குகிறது. ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஆடிட்டுக்காக மாட்டியிருக்கும் அட்டவணை. கீழிறங்கும் வரிசையில் ஆட்கள், குறுக்கே வேலைகள், ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த வட்டம். கம்பெனிக்குக் கம்பெனி பொருள் சற்று மாறும். பொதுவாகக் கால் வட்டம் கற்கிறார், அரை வட்டம் ஆள் பக்கத்தில் இருந்தால் செய்வார், முக்கால் தனியாகச் செய்வார், முழு வட்டம் மற்றவருக்குக் கற்றுத்தருவார். ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் பார்க்கும் இந்தத் தாளை, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கான வரைபடமாக வாசிக்கலாம்.

கால் வட்டத்துக்கு நான்கு படிகள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கி, பிறகு ஜப்பானில் வேரூன்றிய முறை இது. ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய விடு, தொடர்ந்து கவனி. சர்க்கிட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்எம்டி மெஷினில், பாகங்கள் சுற்றிய ரீலை மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். தவறான ரீல் ஏறினால் யாரும் கவனிக்கும் முன் நூற்றுக்கணக்கான போர்டு ஓடிவிடும். வழக்கமாக லீடர் வேகமாக ஒருமுறை செய்து காட்டி, "ஃபஹாம்?" (புரிந்ததா?) என்று மலாயில் கேட்பார். "ஃபஹாம், ஃபஹாம்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு மரியாதை என்று பொருள், புரிந்தது என்று பொருள் இல்லை. மேலே இருப்பவரிடம் "புரியவில்லை" என்று சொல்வது அவரைக் குறை சொல்வது போல என்று நினைக்கும் பண்பாடுகளில் வளர்ந்தவர்கள்தான் நம் லைனில் பெரும்பாலோர், நாமும் சேர்த்து.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "ஃபஹாம்?" என்று கேட்காமல் "துஞ்சுக்" என்று சொல்லுங்கள். காட்டு. முதல் தடவை அவர் பேசாமல் செய்யட்டும். பழைய ரீல் பார்கோடை ஸ்கேன், புது ரீல் பார்கோடை ஸ்கேன், டேப்பை ஒட்டு, இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்த்துக் கையெழுத்து. இரண்டாவது தடவை ஒவ்வொரு படியிலும் முக்கியமானது எது என்று அவர் வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும், அரைகுறை மலாயாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது தடவை ஏன் அப்படி என்று சொல்லட்டும். "ரெண்டாவது ஆள் எதுக்கு?" என்ற கேள்விக்கு "சைன் பண்ண" என்று சொன்னால் அவர் இன்னும் கால் வட்டம்தான். "நான் பார்த்தது தப்பா இருந்தா அவர் பிடிப்பார்" என்று சொன்னால் அரைக்கு ஏற்றலாம். இதற்கு ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். வேலை நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது மூன்றாவது தடவைதான். வெட்டினால் அடுத்த இரவு ஷிப்டில் அவருக்காக லீடர் நான்கு முறை எழுந்து போக வேண்டியிருக்கும்.

அரை வட்டத்தில் காரணம்தான் உணவு. இங்கே "சொன்னதைச் செய்" என்றால் ஆள் அங்கேயே நின்றுவிடுவார். முக்கால் வட்டத்தில் லீடர் வாயை மூடப் பழக வேண்டும். "ரிஜெக்ட் கூடியிருக்கு. நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி மௌனமாக இருப்பது பலருக்கு முடியாத காரியம். மூன்றாவது விநாடியில் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அதோடு அந்த ஆளின் யோசனை முடிந்தது.

இந்த வழியில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஆடிட்டுக்காக வட்டத்தை நிரப்பிவிடுவது ஒன்று. தாளில் முழு வட்டம், கையில் அரை வட்டம். அந்த ஆளை நம்பி விட்டுவிட்டால் லைன் நிற்கிறது, திட்டு அவருக்கு விழுகிறது. வட்டத்தை ஏற்றுபவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பார்த்த தேதியைப் போட வேண்டும்.

மற்றது புது மெஷின் வரும்போது. பதினெட்டு வருடம் பழைய மெஷினில் முழு வட்டமாக இருந்த ஓர் அக்கா, புதியதில் கால் வட்டம். அவரை "உங்களுக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டால் அவர் தவிப்பார், கேட்க மாட்டார். புதுப் பையனுக்குச் சொல்வது போல அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால் அவமானப்படுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு வாக்கியம் இருக்கிறது: "அக்கா, மெஷின்தான் புதுசு, நீங்க புதுசு இல்ல. பழையதுல எங்க தப்பு வரும்னு நீங்க சொல்லுங்க, இதுல அது எங்க இருக்குன்னு நான் காட்டறேன்." வயதில் இளைய லீடர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்தாலும் தப்பில்லை.

மூன்றாவது வழி: கேட்டுக் குறித்துக்கொள்வது

எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரிந்தால் எவ்வளவு சொல்வது என்று தெரியும். எப்படிச் சொல்வது என்பது அதில் இல்லை. அதற்கு அவரையே கேட்க வேண்டும். பயிலரங்குக்கு 96 மணி நேரம் போகும் இடத்தில் இதற்கு ஆளுக்கு இருபது நிமிடம். பன்னிரண்டு பேருக்கு லீடருக்கு நான்கு மணி, அவர்களுக்குச் சேர்த்து நான்கு மணி, ஆக எட்டு மணி நேரம். மூன்று வாரத்தில் முடிக்கலாம்.

இடம் முக்கியம். லைன் முழுக்கப் பார்க்கும் கண்ணாடி அறையில் கூப்பிட்டு உட்கார வைத்தால் வெளியே வந்ததும் "என்ன தப்பு பண்ணே?" என்று நாலு பேர் கேட்பார்கள். கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகு ஒரு மூலை மேசை போதும். ஓய்வு நேரத்தைப் பிடுங்க வேண்டாம், அது அவருடையது. ஷிப்ட் நடுவில் ஸ்டேஷனுக்கு மாற்றாள் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். பாலம் தாண்டி பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருந்து வருகிறவர்களுக்குக் கம்பெனி பஸ் நேரம் உண்டு. ஷிப்ட் முடிந்து பிடித்து வைத்தால் அவர் மனசெல்லாம் பஸ்ஸில் இருக்கும்.

கேட்க வேண்டியவை ஐந்து. உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும். எந்த மொழியில் சொன்னால் சீக்கிரம் பிடிபடும், எழுதித் தரவேண்டுமா. தவறு ஒன்று கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே சொல்லலாமா, வேலை நின்றபின் சொல்லலாமா. புது வேலை என்றால் எத்தனை நாள் பக்கத்தில் ஆள் வேண்டும். எப்படிப் பேசினால் உங்களுக்கு வாயடைத்துப் போகும்.

முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எப்படி வேணா சொல்லுங்க, பரவால்ல." அதை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டால் இருபது நிமிடமும் வீண். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். நடந்த ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். "போன வாரம் மாடல் மாத்தினப்ப லைன்லயே நின்னு சொன்னாங்களே, அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" அதற்கும் "பரவால்ல" என்றால் இரண்டைக் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். "வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பறதா, சீட்டுல எழுதி வெக்கறதா?" இரண்டில் ஒன்றைச் சொல்வது யாருக்கும் சுமை இல்லை.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. குழுவில் திருத்தாதீர்கள், சிரிப்புப் படம் சேர்த்தாலும் வேண்டாம். தமிழ் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்த இளையவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முப்பது விநாடிக் குரல் பதிவு நன்றாக வேலை செய்யும். ஆனால் எண், மாடல், தேதி மூன்றையும் குரலில் அனுப்பக் கூடாது. கேட்டு எழுதும்போது 15-ம் 50-ம் இடம் மாறும். எண்ணுக்கு எழுத்து, விளக்கத்துக்குக் குரல்.

குறிப்பேட்டில் ஆளுக்குக் கால் பக்கம் போதும். பேச்சுப் பழக்கம் மட்டும் எழுதுங்கள். குடும்பச் சண்டை, நோய், கடன் எதுவும் அதில் ஏறக் கூடாது, அவரே சொன்னாலும். எழுதியதை அவருக்குக் காட்டிவிடுங்கள். காட்ட முடியாத வரி என்றால் அது எழுதக் கூடாத வரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இது இன்னும் சரியா?" என்று கேட்டுத் திருத்துங்கள்.

இந்த வழியின் பலவீனம், ஆள் தன்னைப் பற்றிச் சொல்வதும் நடந்துகொள்வதும் வேறுவேறாக இருக்கலாம் என்பது. "நேராச் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்" என்பவர் நேராகச் சொன்னதும் ஒரு வாரம் சுருங்கிப் போகலாம். அதனால் கேட்டது பாதி, பார்த்தது பாதி. "பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் உண்மையில் பார்க்கிறாரா, இல்லை அது முடியாது என்பதன் மரியாதையான வடிவமா என்பதை மூன்று நான்கு தடவை கவனித்தால்தான் பிடிபடும். மலாய் நண்பர் "தெங்கோக் டூலு" (முதலில் பார்ப்போம்) என்று சொல்வதும் பெரும்பாலும் அதே சாதி.

திருத்தும் வார்த்தை

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் ஒருவரிடம் "இது சரியில்லை" என்று சொல்ல வேண்டிய நேரம் வரும். அவ்ரகாம் குளூகரும் ஆஞ்சலோ டிநிசியும் 1996-இல் இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். செய்த வேலை எப்படி இருந்தது என்று எடுத்துச் சொன்னதால் சராசரியில் வேலை மேம்பட்டது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட அளவீடுகளில் வேலை முன்பைவிடக் கெட்டது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மைக்ராஸ்கோப் பார்க்கும் ஸ்டேஷனில் ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் சால்டர் பிரிட்ஜ் (பற்றாசு வழிந்து இரண்டு முனைகள் ஒட்டிக்கொள்வது) தப்பிப் போய், பிறகு தரச்சோதனையில் (கியூசி) பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "அக்கா, நீங்க இப்பல்லாம் கவனமே இல்ல" என்றால் பேச்சு அவரைப் பற்றியது. வயதாகிவிட்டது என்கிறானோ, பார்வை போச்சு என்கிறானோ, ஸ்டேஷனை மாற்றப் போகிறானோ என்று மனம் ஓடும். சால்டர் பிரிட்ஜ் மறந்துபோகும். அதையே இப்படிச் சொல்லலாம்: "அக்கா, ஒரு நிமிஷம் இருக்கா? நேத்து அஞ்சு மணிக்கு மேல ஓடின ரெண்டு லாட்ல கியூசி மூணு பிரிட்ஜ் எடுத்திருக்காங்க. மூணும் கனெக்டர் பக்கம். காலைல ஓடினதுல ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல என்ன வித்தியாசம்?" எப்போது, எங்கே, எத்தனை, விளைவு என்ன. பிறகு கேள்வி. கண் சோர்வா, வெளிச்சமா, அந்த நேரத்தில் மாடல் மாறுகிறதா என்று அவரே தேடத் தொடங்குவார்.

எண்ணும் இடமும் யாருக்கானாலும் மாறாது. நேரடிப் பேச்சு பிடித்தவருக்கு அந்த "ஒரு நிமிஷம் இருக்கா" வேண்டாம். தயங்குபவருக்குக் கேள்வியைக் கேட்டுவிட்டு "யோசிச்சு டீ டைம்ல சொல்லுங்க" என்று நேரம் கொடுங்கள். மொழி குறைந்தவருக்கு அந்த மூன்று போர்டையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எந்தக் குழுவுக்கு எது

லீடராகி மூன்று மாதம் ஆகாதவர், பன்னிரண்டு பேர், நான்கு மொழி என்றால் ஸ்கில் மேட்ரிக்ஸை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வட்டத்தையும் கண்ணால் சரிபாருங்கள். அப்போதே ஆட்களின் பேச்சும் பழகிவிடும். பிறகு இருபது நிமிடப் பேச்சுகள்.

ஆறு பேர் இருக்கும் சிறு பட்டறை என்றால் நேரில் கேட்பது மட்டுமே போதும். அலுவலகக் குழு, பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை என்றால் மூன்றாவது வழி இன்னும் முக்கியமாகிறது. அங்கே முகம் தெரியாது, சுருங்கிப் போனது கண்ணில் படாது. ஷிப்ட் நெருக்கடியில் ஆள் அடிக்கடி மாறும் லைனில் குறிப்பேடு நிற்காது. அங்கே நான்கு படிக் கற்பித்தலையே இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பல வருடம் ஒன்றாக வேலை செய்து, திறமையில் குறை இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் போன குழு ஒன்று இருந்தால் அங்கே குணவகைப் பயிலரங்கு உதவலாம். அப்போதும் மூன்று நிபந்தனை: வினாத்தாள் அவரவர் மொழியில் இருக்க வேண்டும், முடிவு அவரவர் கையிலேயே இருக்க வேண்டும், பதவி உயர்வுப் பேச்சில் அது தலைகாட்டக் கூடாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மூன்று கணக்கு போதும். அதே ஆள் அதே தவறை முப்பது நாளுக்குள் மறுபடி செய்தது எத்தனை. கியூசி பிடிக்கும் முன்பே ஆப்பரேட்டர் தானாக வந்து சொன்ன பிரச்சினை எத்தனை. காலைப் பேச்சில் லீடர் அல்லாதவர்கள் கேட்ட கேள்வி எத்தனை. முதலாவது குறைய வேண்டும், மற்ற இரண்டும் கூட வேண்டும். இரண்டாவது எண்ணிக்கை முதல் மாதத்தில் திடீரென்று ஏறினால் லைன் கெட்டுவிட்டது என்று மேலே இருப்பவர்கள் பதறுவார்கள். முன்னால் மறைந்திருந்தவை இப்போது வெளியே வருகின்றன என்பதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பதற்றம் அப்படியே லைனுக்கு இறங்கி, வாய் திறந்தவர்கள் மறுபடி மூடிக்கொள்வார்கள்.

லீடர் வேறு லைனுக்கு மாறும்போது குறிப்பேட்டை அப்படியே அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டாம். ஸ்கில் மேட்ரிக்ஸைத் தேதியோடு கொடுங்கள், அது வேலையைப் பற்றியது. கால் பக்கக் குறிப்பை அந்தந்த ஆளிடமே கிழித்துக் கொடுத்துவிடுங்கள். புது லீடருக்குக் காட்டலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.